வேண்டாம் என்று சொல்லும் உரிமை

1. கூவி விற்கும் குரல்

மைசூரில் ஒரு பழைய பகுதி மண்டி மொஹல்லா. மண்டி என்றால் மொத்த வியாபாரம் நடக்கும் இடம். மொஹல்லா என்பது உருதுச் சொல். பேட்டை என்று பொருள். அசோகா ரோடு, அக்பர் ரோடு, புலிகேசி ரோடு எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தெருவில் நடந்தால் கன்னடம், உருது, தமிழ் மூன்றும் காதில் விழும்.

கடைத்தெருவில் வியாபாரிகள் கூவி விற்பார்கள். "வாங்க, வாங்க! மலிவு விலை!" என்பார்கள். பிடித்தால் நிற்கலாம். பிடிக்காவிட்டால் நடக்கலாம். யாரும் கையைப் பிடித்து நிறுத்த மாட்டார்கள். வியாபாரி உங்கள் பின்னாலேயே வந்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று கத்த மாட்டார்.

செல்போனில் வரும் வியாபாரக் குரல் அப்படி அல்ல. அது வீட்டுக்குள் வருகிறது. குழந்தை தூங்கும்போது வருகிறது. அடுப்பில் பால் பொங்கும்போது வருகிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, பாட்டு வேண்டுமா என்று கேட்கிறது.

இந்தக் குரலை நிறுத்த முடியுமா? முடியும். அதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் வழியைச் சொல்வது இந்தப் பாடம்.

2. பூக்காரம்மாவின் செல்போன்

மண்டி மொஹல்லாவில் ஒரு பூக்காரம்மா என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதுக்கு மேல். மாலை நேரப் படிப்பு வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். அவரிடம் ஒரு சிறிய செல்போன் இருக்கிறது. அதுதான் அவருடைய கடை. பூ வேண்டும் என்பவர்கள் அதில்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் மாலை அவர் வாசலில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியிலிருந்து வந்தாள்.

"என்ன பெரியம்மா, முகம் வாடியிருக்கு?"

"என்னத்தைச் சொல்றது கண்ணு? வரலட்சுமி பூஜைக்கு ஒரு வீட்டுக்காரம்மா நிறையப் பூ கேட்டிருக்காங்க. புது நம்பரில் கூப்பிட்டிருக்காங்க. நான் எடுக்கவே இல்லை. அவங்க வேற ஆளிடம் வாங்கிட்டாங்க. நேரில் பார்த்தப்பதான் சொன்னாங்க."

"ஏன் எடுக்கலை?"

"எடுத்தா எல்லாம் கடன் வேணுமா, கார்டு வேணுமான்னுதான் கேட்குது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை. பூ கட்டுற கையை விட்டுட்டு ஓடி ஓடி எடுத்தேன். அலுத்துப் போச்சு. தெரியாத நம்பர் வந்தா எடுக்கிறதையே விட்டுட்டேன்."

"அந்த நம்பரை எல்லாம் திட்டி வைக்கலாமே?"

"திட்டினேன் கண்ணு! அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தது. போன வாரம் இந்தியில் ஏதோ சொல்லிச்சு. ஒண்ணை அழுத்துன்னு சொன்ன மாதிரி இருந்தது. அழுத்தினா நின்னுடும்னு நினைச்சேன். அழுத்தினேன். அப்புறம் பார்த்தா போனில் பணம் குறைஞ்சு போச்சு. ஏதோ பாட்டுக்குன்னு எடுத்துட்டாங்களாம்."

பூக்காரம்மாவுக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, கேட்காத பாட்டுக்குப் போன பணம். இரண்டு, கை நழுவிப்போன பூ வியாபாரம். இரண்டாவது நஷ்டம்தான் பெரியது. வேண்டாத அழைப்புகள் பெருகினால் வேண்டிய அழைப்பும் நம் கைக்கு வராமல் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அழைப்பும் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும்.

3. பேசுவது மனிதர் அல்ல

பூக்காரம்மா திட்டியும் அந்தக் குரல் ஏன் நிற்கவில்லை? பேசியது மனிதர் அல்ல. இயந்திரம்.

முதலில் ஒருவர் பேசிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான செல்போன் எண்களையும் ஏற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் தானாகவே ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றுகிறது. நீங்கள் எடுத்தவுடன் பதிவு செய்த குரல் பேசத் தொடங்குகிறது. நீங்கள் சொல்வது அதற்குக் கேட்காது. சில இயந்திரங்கள் இப்போது கேட்பது போலவும் பதில் சொல்வது போலவும் பேசுகின்றன. அதுவும் இயந்திரம்தான்.

ஓர் ஆள் உட்கார்ந்து பேசினால் ஒரு நாளில் சில நூறு பேரிடம்தான் பேச முடியும். இயந்திரத்துக்கு அந்த எல்லை இல்லை. அதற்குக் களைப்பும் இல்லை. ஆயிரம் பேரில் இரண்டு பேர் வாங்கினாலும் அனுப்பியவருக்கு லாபம். மற்ற 998 பேரின் நேரத்துக்கு அவர் விலை கொடுப்பதில்லை. அதனால்தான் அழைப்புகள் ஓய்வதில்லை.

இந்தத் தொல்லை இந்தியாவில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டிலேயே இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 2003-இல் "எங்களைக் கூப்பிடாதே" என்று பதிவு செய்யும் தேசியப் பட்டியல் அங்கே தொடங்கியது. 2024 பிப்ரவரியில் இன்னொரு விதி வந்தது. கம்ப்யூட்டர் தானே உருவாக்கும் செயற்கைக் குரலை இத்தகைய அழைப்புகளில் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு ஆணையம் அறிவித்தது.

4. நம் நாட்டில் சட்டம் வந்த கதை

நம் நாட்டில் செல்போன் சேவை 1995-இல் தொடங்கியது. தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிக்க 1997-இல் ஓர் ஆணையம் அமைந்தது. அதன் பெயர் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய் என்பார்கள்.

செல்போன் பெருகியது. விளம்பர அழைப்புகளும் பெருகின. 2005-இல் ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். வேண்டாத அழைப்புகள் மனிதரின் தனிமையைக் குலைக்கின்றன என்பது அவருடைய வாதம்.

2007-இல் டிராய் முதல் விதிகளைக் கொண்டு வந்தது. வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிவு செய்ய ஒரு தேசியப் பட்டியல் தொடங்கியது. ஆனால் தொல்லை குறையவில்லை. 2010 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. அவை 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பர அழைப்பு கூடாது என்று அந்த விதிகள் சொல்லின.

2018 ஜூலையில் மறுபடியும் விதிகள் மாறின. விளம்பரம் அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. 2025 பிப்ரவரி 12-இல் அந்த விதிகளை டிராய் இன்னும் இறுக்கியது. புகார் செய்வது எளிதானது. தண்டனை கடுமையானது.

இருபது ஆண்டுகளில் சட்டம் இப்படி வளர்ந்தது. மக்கள் கேட்டதால் வளர்ந்தது. மக்கள் பயன்படுத்தினால்தான் அதற்கு உயிர் இருக்கும்.

5. 1909 என்ற எண்

ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1909. இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. எந்தக் கம்பெனி சிம் வைத்திருந்தாலும் இதே எண்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் பூக்காரம்மாவிடம் சொன்னாள்:

"உங்க போனில் இருந்தே 1909-க்குப் போன் பண்ணுங்க பெரியம்மா. வேற போனில் பண்ணினா உங்க நம்பர் பதிவாகாது."

"அங்கேயும் இயந்திரம்தான் பேசுமா?"

"ஆமாம். ஆனா இது உங்களுக்காகப் பேசுற இயந்திரம். எந்த மொழி வேணும்னு கேட்கும். எதை அழுத்தணும்னு அது சொல்லும். பொறுமையாக் கேட்டு அழுத்துங்க."

குறுஞ்செய்தி மூலமும் பதிவு செய்யலாம். ஆங்கில எழுத்தில் எஸ், டி, ஏ, ஆர், டி என்று எழுதுங்கள். அது ஸ்டார்ட் என்ற சொல். கொஞ்சம் இடம் விட்டு 0 போடுங்கள். 1909-க்கு அனுப்புங்கள். எல்லா விளம்பரமும் வேண்டாம் என்று பொருள்.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில விளம்பரம் வேண்டும், சில வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காக விளம்பரங்களை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்:

1. வங்கி, காப்பீடு, கடன், கடன் அட்டை
2. வீடு, மனை
3. கல்வி
4. உடல்நலம்
5. வீட்டுப் பொருள்கள், வாகனங்கள்
6. தொலைத்தொடர்பு, பொழுதுபோக்கு, கம்ப்யூட்டர்
7. சுற்றுலா
8. உணவு, குளிர்பானம்

பிள்ளைகளின் படிப்பு பற்றிய செய்தி மட்டும் வேண்டும் என்று நினைக்கலாம். அப்போது மூன்றாவது வகையை விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தலாம். பிறகு மனம் மாறினால் மறுபடியும் மாற்றலாம்.

இப்படிப் பதிவு செய்தால் வேண்டிய செய்தியும் நின்றுவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். வங்கிக் கணக்கில் பணம் வந்தது, போனது என்ற செய்தி வரும். அரசாங்கச் செய்தி வரும். சொந்தக்காரர்கள், வாடிக்கையாளர்கள் கூப்பிடுவது எப்போதும் போல வரும். நிற்பது விளம்பரம் மட்டுமே.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கடையில் பரிசுக் கூப்பன் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பெயரும் செல்போன் எண்ணும் எழுதச் சொல்வார்கள். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருக்கும். "எனக்கு விளம்பரம் அனுப்பச் சம்மதம்" என்று அதில் இருக்கலாம். அங்கே கையெழுத்துப் போட்டால் அந்த நிறுவனத்துக்குச் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும். 1909-இல் பதிவு செய்திருந்தாலும் அந்த நிறுவனம் அனுப்பலாம். ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

6. எண்ணைப் பார்த்தால் ஆளைத் தெரியும்

அழைப்பு எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

140 என்று தொடங்கும் எண் விளம்பரத்துக்கு ஒதுக்கியது. 1600 என்று தொடங்கும் எண் சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கியது. உங்கள் கணக்கு, உங்கள் காப்பீடு பற்றிப் பேச வங்கி போன்ற நிறுவனங்களுக்காக அது வந்தது. உங்களுடையது போன்ற சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து யாரும் விளம்பரம் செய்யக் கூடாது. செய்தால் விதிமீறல்.

குறுஞ்செய்தியிலும் ஓர் அடையாளம் உண்டு. அனுப்பியவர் பெயர் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். கடைசியில் ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு ஓர் எழுத்து. 2025 முதல் இந்த எழுத்து வருகிறது.

பி என்றால் விளம்பரம்.
எஸ் என்றால் சேவைச் செய்தி.
டி என்றால் கணக்கு, பணம், ரகசிய எண் போன்ற நடவடிக்கைச் செய்தி.
ஜி என்றால் அரசாங்கச் செய்தி.

ஆங்கிலம் முழுவதும் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த நான்கு எழுத்துகள் தெரிந்தால் போதும். செய்தியைத் திறக்கும் முன்பே அது என்ன வகை என்று தெரிந்துவிடும்.

7. ஐந்து பேர் சேர்ந்தால்

பூக்காரம்மா 1909-இல் பதிவு செய்தார். பதிவு செய்த கம்பெனிகளின் விளம்பரம் குறைந்தது. ஆனால் ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து மட்டும் கடன் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா கண்ணு? சட்டமும் ஒண்ணும் செய்யலை!" என்றார்.

"சட்டம் தானா ஓடி வராது பெரியம்மா. நாமதான் புகார் சொல்லணும். இது பதிவு செய்யாத ஆள். பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுறவன் இல்லை. இவனைப் புகாரால்தான் பிடிக்க முடியும்."

"நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகுது?"

இது நல்ல கேள்வி. எல்லாரும் மனத்தில் கேட்கும் கேள்வி. இதற்கு விதியிலேயே பதில் இருக்கிறது.

பத்து நாளுக்குள் ஓர் எண்ணின் மேல் ஐந்து பேர் புகார் செய்தால் அந்த எண்காரர் மேல் தொலைபேசிக் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு ஏழு நாளுக்குள் பத்துப் புகார் வேண்டும் என்று இருந்தது. 2025-இல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். நடவடிக்கை எடுக்க முன்பு 30 நாள் அவகாசம் இருந்தது. இப்போது 5 நாள்தான்.

புகாரைப் படிப்பவர் ஐந்து பேரையும் சமமாகவே எண்ணுவார். பூக்காரம்மாவின் புகாருக்கும் பெரிய மண்டிக் கடைக்காரரின் புகாருக்கும் ஒரே எடை.

புகார் செய்யும் முறை இது:

அழைப்போ செய்தியோ வந்த 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். முன்பு 3 நாள் என்று இருந்தது. 1909-க்குப் போன் செய்யலாம். குறுஞ்செய்தி அனுப்பலாம். பெரிய செல்போன் இருந்தால் டிராய் வெளியிட்டுள்ள டி.என்.டி. செயலியில் சொல்லலாம். மூன்று விவரம் வேண்டும். எந்த எண்ணிலிருந்து வந்தது? எந்தத் தேதியில் வந்தது? என்ன சொன்னார்கள்? இவ்வளவுதான்.

பதிவு செய்யாத ஆள் மேல் புகார் சொல்ல, நீங்கள் 1909-இல் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 விதி அதை மாற்றிவிட்டது.

புகார் சொன்னதும் ஒரு புகார் எண் தருவார்கள். அதை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பூக்காரம்மா ஒரு பழைய நோட்டை எடுத்தார். தன் கையாலேயே எழுதினார்:

வந்த எண்: (பத்து இலக்கத்தையும் எழுதினார்)
தேதி, நேரம்: செவ்வாய், மாலை 4 மணி
சொன்னது: கடன் தருகிறோம்
புகார் எண்: (1909-இல் சொன்னது)

பிறகு பக்கத்தில் விசாரித்தார். பீடி சுற்றும் அம்மாவுக்கும் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. தையற்காரருக்கும் வந்திருந்தது. டீக்கடைக்காரருக்கும், மூட்டை தூக்கும் அண்ணனுக்கும் வந்திருந்தது. எல்லாரும் திட்டியிருந்தார்கள். ஒருவரும் புகார் சொல்லவில்லை. பூக்காரம்மா ஒவ்வொருவருக்கும் 1909 என்று எழுதிக் கொடுத்தார்.

சில நாளில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு நின்றது. அடுத்த மாதம் வேறு ஒருவன் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டான். பூக்காரம்மா மறுபடியும் நோட்டை எடுத்தார்.

விதிமீறியவருக்கு என்ன தண்டனை? முதல் தடவை என்றால் 15 நாள் அவரிடமிருந்து எந்த அழைப்பும் வெளியே போக முடியாது. மறுபடியும் செய்தால் அவருடைய எல்லா இணைப்புகளும் ஓர் ஆண்டுக்குத் துண்டிக்கப்படும். எந்தக் கம்பெனியும் அவருக்கு இணைப்புத் தராது.

வரும் புகார்களின் கணக்கைத் தொலைபேசிக் கம்பெனி தவறாகக் காட்டினால் அதற்கும் அபராதம் உண்டு. முதல் தடவை 2 லட்சம் ரூபாய். இரண்டாம் தடவை 5 லட்சம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 10 லட்சம்.

இது வெறும் காகிதத்தில் இருக்கும் தண்டனை அல்ல. 2024-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் பதிவு செய்யாத விளம்பரக்காரர்கள் மேல் 7 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேல் புகார் வந்தது. ஆகஸ்ட் 13-இல் டிராய் கடுமையான உத்தரவு போட்டது. அதன்பின் சில வாரங்களுக்குள் 2 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கம்பெனிகள் துண்டித்தன. புகார் சொன்னவர்கள் எல்லாம் சாதாரண மக்கள்தான்.

8. போன பணம் திரும்புமா?

பூக்காரம்மா ஒன்றை அழுத்தியதால் பாட்டுச் சேவைக்குப் பணம் போனது அல்லவா? அதற்கும் விதி இருக்கிறது.

2013 ஜூலையில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. இத்தகைய சேவையைத் தொடங்க ஒரு தடவை சம்மதம் வாங்கினால் போதாது. இரண்டாம் தடவையும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதன்பிறகுதான் பணம் எடுக்கலாம். வேண்டாத சேவையை நிறுத்தக் கட்டணம் இல்லாத எண் 155223.

பணம் போனது தெரிந்தவுடன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்ய வேண்டும். "நான் கேட்கவில்லை. சேவையை நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். அங்கேயும் புகார் எண் வாங்க வேண்டும்.

கம்பெனி கேட்காவிட்டால்? ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. அவரிடம் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் சொல்லலாம்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மைசூரிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. வாங்கிய சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் பேசலாம்.

ஒரு காலத்தில் இந்த வழி அடைபட்டிருந்தது. தொலைபேசித் தகராறு நுகர்வோர் மன்றத்துக்குப் போகக் கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பிறகு அகமதாபாத்தில் ஒரு செல்போன் வாடிக்கையாளர் பில் அதிகம் என்று 2014-இல் வழக்குப் போட்டார். கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16-இல் தீர்ப்பு வந்தது. செல்போன் வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரே ஒருவர் எட்டு ஆண்டு விடாமல் நின்றார். எல்லாருக்கும் கதவு திறந்தது.

9. விளம்பரம் வேறு, மோசடி வேறு

ஒரு வகை அழைப்பை 1909 தடுக்காது. அது திருடனின் அழைப்பு. திருடன் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட மாட்டான்.

"உங்கள் செல்போன் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். 9-ஐ அழுத்துங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். டிராய் அலுவலகம் என்றும் சொல்லும். நம்பாதீர்கள். டிராய் யாருடைய இணைப்பையும் துண்டிப்பதாகப் போன் செய்வதில்லை. எதையும் அழுத்தாமல் வைத்துவிடுங்கள்.

போலீஸ் என்று சொல்லி மிரட்டுவார்கள். போனிலேயே கைது என்பார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து என்று சொன்னாலும் சொல்லக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பணம் வேறு கைக்கு மாறும் முன்பு நிறுத்த வாய்ப்பு உண்டு. பணம் போகவில்லை, ஆனால் மோசடி அழைப்பு வந்தது என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சொல்லலாம். அங்கே சக்ஷு என்ற பகுதி 2024 மார்ச்சில் தொடங்கியது.

10. நினைவில் வைப்போம்

விளம்பரம் வேண்டாம் என்றால்: 1909
வேண்டாத கட்டணச் சேவையை நிறுத்த: 155223
நுகர்வோர் உதவிக்கு: 1915
மோசடியில் பணம் போனால்: 1930

இந்த நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சொற்பொருள்

நுகர்வோர் – பொருளையோ சேவையையோ காசு கொடுத்து வாங்குபவர்
சம்மதம் – சரி என்று ஒப்புக்கொள்வது
அவகாசம் – ஒரு வேலையை முடிக்கத் தரும் காலம்
மேல்முறையீடு – கீழே கிடைத்த பதிலை ஏற்காமல் மேலே இருப்பவரிடம் முறையிடுவது

சரியா, தவறா? எழுதுங்கள்

1. 1909-க்குப் போன் செய்யக் கட்டணம் உண்டு.
2. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து விளம்பரம் செய்யலாம்.
3. புகாரை 7 நாளுக்குள் சொல்ல வேண்டும்.
4. குறுஞ்செய்திப் பெயரின் கடைசியில் பி இருந்தால் அது விளம்பரம்.
5. வங்கி ஊழியர் கேட்டால் ரகசிய எண்ணைச் சொல்லலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். வந்த எண், தேதி, சொன்னது, புகார் எண் என்று மேலே எழுதுங்கள். இந்த வாரம் வரும் வேண்டாத அழைப்புகளை அதில் குறித்து வாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் ஒரே எண்ணிலிருந்து எத்தனை பேருக்கு அழைப்பு வந்தது? ஐந்து பேர் சேர முடியுமா? இன்னும் எழுதத் தெரியாத ஒருவருக்காக யார் புகார் எழுதித் தருவீர்கள்?